இணுவிலிலிருந்து விலக்கப்பட்ட டொக்டரும் எங்கள் பயனாளிப் பட்டியல்களும்

யாழ்ப்பாணத்தில் எனது பெற்றோரின் தலைமுறையைச் சேர்ந்த பலருடைய பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் இணுவில் என்றிருக்கும். அவர்களில் பெரும்பாலானவர்கள் இணுவில் ஊரவர்கள் அல்லர், மக்லியொட் ஆசுப்பத்திரியில் பிறந்தவர்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று அமெரிக்க மிசன் 1898 இல் திறந்த ஆசுப்பத்திரி அது. ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கியே பெண்கள் பிள்ளைப்பேற்றில் உயிரை விட்ட காலம். அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்த மேரி லீச், மார்கரெட் லீச் என்ற சகோதரிகள் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கூட்டங்கள் வைத்து இதற்குப் பணம் சேர்த்தார்கள். எங்கள் ஊரின் துயரத்தை வேறு நாட்டு மேடையில் எடுத்துச் சொல்லிப் பணம் திரட்டும் வழக்கம் சுனாமியோடு தொடங்கியதல்ல.

இந்த ஆசுப்பத்திரிப் பணிக்கென்று 1896 இல் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் மேரி இர்வின். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873 இல் பிறந்து, ரொறன்ரோவில் மருத்துவம் படித்தவர். வருவதற்கு முன்பே அமெரிக்காவில் கனகரத்தினம் என்ற யாழ்ப்பாணத் தமிழரைச் சந்தித்திருந்தார். அவரையே மணமுடித்தார். கனகரத்தினமும் கிறிஸ்தவர்தான், படித்தவர்தான். ஆனால் மிசன் இந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. மேரி மிசனை விட்டு விலக வேண்டி வந்தது. பெண் வைத்தியர் இல்லையென்று ஊரூராகச் சொல்லிப் பணம் சேர்த்தவர்கள், வந்து சேர்ந்த பெண் வைத்தியர் ஒருவரைத் தமிழரை மணந்ததற்காக இழந்தார்கள்.

அதை நிறவெறி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அது உண்மையும்தான். ஆனால் 2010 தொடக்கம் பத்து வருடங்களுக்கு மேலாக வன்னியிலும் வலிகாமத்திலும் சர்வதேச நிறுவனங்களின் கள உத்தியோகத்தராக வேலை செய்த எனக்கு, இந்தக் கதையில் இன்னொன்றும் தெரிகிறது. கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டுபவரை நிறுவனத்தால் வைத்திருக்க முடிவதில்லை. மிசனுக்குப் பணம் பொஸ்டனிலிருந்து வந்தது, அறிக்கைகள் பொஸ்டனுக்குப் போயின. ஊரோடு உறவு கொண்டாடத் தொடங்கிய ஒருவர் எந்தப் பக்கத்து ஆள்?

எல்லா மிசனறிமாரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவரவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் இணுவிலுக்குப் பக்கத்திலே மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குப் போய்விட்டார்கள். அதைக் கண்டு அவர் தமிழுக்கு மாறினார், நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை உருவாக்கினார். தமிழில் படித்தவர்கள் ஊரிலே நின்று வைத்தியம் பார்த்தார்கள். வந்தவர் போன பிறகு என்ன மிஞ்சும் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்த மனிதர் அவர். நான் கலந்துகொண்ட பயிற்சிப் பட்டறைகளில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ பற்றி எத்தனையோ தரம் பேசினார்கள். மானிப்பாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இனி, அந்தக் கோடு இந்தக் காலத்தில் எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சொல்கிறேன்.

ஒரு கிராமத்தில் 200 குடும்பங்கள், நிறுவனத்திடம் 60 வீடுகளுக்குப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம அலுவலரிடமிருந்து பட்டியல் வரும். நாங்கள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவோம். பெண் தலைமைத்துவக் குடும்பமா, மாற்றுத்திறனாளி உண்டா, சின்னப் பிள்ளைகள் எத்தனை, தங்கிவாழும் முதியவர்கள் எத்தனை, இப்போது இருப்பது தறப்பாளிலா தகரத்திலா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டிப் பார்த்து மேலிருக்கும் 60 பேர் ‘பயனாளிகள்’. ஆட்களைத் தெரிந்து கொடுக்காமல் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதால் இது நியாயமாகத் தெரியும். பிழை கணக்குக்குள்ளேயே இருந்தது. தங்கிவாழ்வோர் தொகைக்குப் புள்ளி கொடுத்தால், எல்லோரையும் பறிகொடுத்துவிட்டுத் தனியே இருக்கும் கிழவிக்குப் புள்ளி குறையும். முள்ளிவாய்க்காலில் இரண்டு பிள்ளைகளை இழந்த தம்பதிக்கு, இரண்டு பிள்ளைகளோடு தப்பி வந்த தம்பதியைவிடக் குறைவான புள்ளி. ஊரிலே யாரைக் கேட்டாலும் முதலாவதாகச் சொல்லும் பெயர் எங்கள் பட்டியலில் 90 ஆவதாக நிற்கும்.

இரண்டாவது, தேத்தண்ணி. நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் பயனாளிகளின் வீட்டில் எதையும் வாங்கிக் குடிக்கவோ சாப்பிடவோ கூடாதென்று விதி. விதிக்குக் காரணம் உண்டு. கோழியும் தேங்காய் மூட்டையும் வாங்கிக்கொண்டு பட்டியலில் பெயர் போட்ட ஆட்களும் இருந்தார்கள்தான். ஆனால் தறப்பாளுக்குள் இருந்தாலும் வந்தவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுப்பது எங்கள் சனத்துக்கு வெறும் உபசாரம் அல்ல. எல்லாம் போன பிறகும் தன்னால் ஒருவருக்கு ஏதோ கொடுக்க முடிகிறது என்பதன் அடையாளம் அது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு அம்மா நீட்டிய கோப்பையை நான் வேண்டாமென்றபோது, “ஏன் தம்பி, தேத்தண்ணி குடிச்சால் எங்கட பேரை வெட்டிப்போடுவினமோ?” என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். பகிடிக்குப் பின்னால் பயமும் இருந்தது.

மூன்றாவது, எங்களைப் போன்ற உள்ளூர் ஊழியர்கள். 2010 இல் என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் மெனிக் பாமிலிருந்து வெளியே வந்து சில மாதங்களே ஆனவர்கள். பகலில் மற்றவர்களுக்குத் தகரம் பங்கிடுவார்கள், இரவில் தாங்கள் தறப்பாளுக்குள் படுப்பார்கள். மாதச் சம்பளம் இருப்பதால் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஒன்றுவிட்ட மச்சாளின் பெயர் பட்டியலில் வந்தால்கூட ‘நலன் முரண்பாடு’ என்று படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். வன்னியில் யார் யாருக்குச் சொந்தமில்லை?

இவையெல்லாம் அலுவலகச் சங்கடங்கள். அந்தக் கோடு உயிரோடு விளையாடிய இடங்களும் உண்டு. 2006 ஓகஸ்ட் 4 ஆம் திகதி மூதூரில் பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அத்தனை பேரும் இந்த நாட்டவர்கள். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

2008 செப்ரெம்பரில் வன்னியிலிருந்து உதவி நிறுவனங்களை அரசாங்கம் வெளியேறச் சொன்னது. கிளிநொச்சியில் ஐ.நா அலுவலக வாசலில் சனம் திரண்டு நின்று போகாதீர்கள் என்று கெஞ்சியது. செப்ரெம்பர் 16 ஆம் திகதி வாகனங்கள் ஓமந்தைப் பக்கம் போய்விட்டன. வெளிநாட்டு ஊழியர்கள் போகலாம். உள்ளூர் ஊழியர்கள் பலருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் புலிகள் பயண அனுமதி கொடுக்கவில்லை, அவர்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரே நிறுவனம், ஒரே அடையாள அட்டை, இரண்டு விதி. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடைசிவரை நின்றது. புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைக் கப்பலில் ஏற்றியது. 2009 இன் முதல் மாதங்களில் அதன் ஊழியர் மூவரைப் பறிகொடுத்தது. ஐ.நா தன் கடமையில் தவறியது என்பதை 2012 நவம்பரில் வெளியான சார்ள்ஸ் பெற்றியின் அறிக்கை ஐ.நாவுக்குள்ளிருந்தே எழுதியது. அந்த அறிக்கை வரும்வரைக்கும் கிளிநொச்சி வாசலில் நின்ற சனம் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு அன்றைக்கே தெரியும்.

இதற்கு மறுபக்கமாக ஒரு நினைவு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு இணுவில் உட்பட வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அன்று எங்களை முதலில் ஏற்றது எந்த நிறுவனமும் அல்ல. சாவகச்சேரியிலும் மீசாலையிலும் கொடிகாமத்திலும் வீட்டுக்காரர் படலையைத் திறந்து விட்டார்கள். ஒரு வீட்டில் ஐந்தாறு குடும்பம், ஒரு கிணறு, ஒரு மலசலகூடம். சண்டையும் வந்தது, வாடகை கேட்டவர்களும் இருந்தார்கள், சாதி பார்த்தவர்களும் இருந்தார்கள். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் யாரும் புள்ளி போடவில்லை.

அப்படியானால் வெளியார் பணமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பணம் எந்த வழியால் வருகிறது, யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா. பணம் கட்டங்கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது, மேசனை அவர்களே பிடித்தார்கள். குறைகள் நிறைய. சீமெந்தும் மணலும் விலையேறப் பணம் போதாமல், நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் முடித்தவர்கள் பலர். கிராமங்களில் நுண்கடன் காலூன்றியதற்கு அந்த அரைகுறைச் சுவர்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இருந்தாலும் அந்த வீடுகளில் சாமியறை எந்தப் பக்கம், குசினி எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரி தீர்மானித்தாள். பிறகு, 65,000 உருக்கு வீடுகளை ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பனி மூலம் கொண்டுவந்து பொருத்தித் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. ஒன்றுக்கு ஏறத்தாழ 21 லட்சம் ரூபா. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று சனமும் பொறியியலாளர்களும் 2016 இல் கேட்டார்கள். எதிர்ப்பினால் அந்தத் திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை. பயனாளிகள் என்று எழுதப்பட்டவர்கள் வாய் திறந்து வேண்டாமென்று சொன்ன ஒரு சந்தர்ப்பம்.

மேரி என்ன ஆனார்? மேரி இரட்ணமாகக் கொழும்பில் வைத்தியம் பார்த்தார். 1909 இல் தமிழ் மாதர் சங்கத்தைத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927 இல் எழுந்த சங்கத்திலும் முன்னின்றார். கனடாவில் கிராமத்துப் பெண்கள் தங்களுக்கென்று நடத்திய சங்கங்களைப் பார்த்துவிட்டு வந்து 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் தாங்களே அங்கத்தவர்களாகச் சேர்ந்து, சுகாதாரம், தோட்டம், கைப்பணி என்று தாங்களே நடத்தும் அமைப்பு. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் இவரே. 1958 இல் மகசேசே விருது கிடைத்தது. 1962 இல் இறந்தார். மிசன் அவரை வைத்திருந்தால் இணுவிலுக்கு நல்ல வைத்தியர் ஒருவர் கிடைத்திருப்பார். வெளியே போனபடியால் அவர் உதவி கொடுப்பவராக இருப்பதை விட்டு இந்த நாட்டுப் பெண்களில் ஒருவராகி உரிமை கேட்டார். இழப்பு இணுவிலுக்குத்தான். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும்.

2016 இல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் நிறுவனங்களும் ஒரு வாக்குறுதி கொடுத்தன: 2020 ஆகும்போது மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றளவு நேராகக் கொடுப்போம் என்று. அந்த இலக்கு எட்டப்படவில்லை. எங்கள் ஊர் அமைப்புகளுக்கு வருவது பெரும்பாலும் துணை ஒப்பந்தம். வேலை எங்களுக்கு, வரவுசெலவுத் திட்டம் அவர்களுக்கு.

இதை ஊர்ச் சனம் அறியாமல் இல்லை. வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், வாழ்வாதாரத் திட்டமொன்று முடியும் தறுவாயில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டியிருந்தோம். தையல் இயந்திரமும் கோழிக்கூடும் பற்றிப் பேசி முடிந்தபின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழும்பினார். “எங்கட ஊரின்ரை பேரிலை மொத்தம் எவ்வளவு காசு வந்தது? அதிலை எங்களுக்கு வந்தது எவ்வளவு?” என்று கேட்டார். சபை அமைதியாகிவிட்டது. அது தலைமை அலுவலகத்து விடயம், இங்கே சொல்ல இயலாது என்று எங்கள் திட்ட முகாமையாளர் பதில் சொன்னார். “அப்ப எங்கட கணக்கை மட்டும் ஏன் நீங்கள் வந்து பாக்கிறியள்?” என்றார் அந்தப் பெண். அதற்குப் பதில் வரவில்லை.

அந்தக் கூட்டம் பற்றி மேலிடத்துக்குப் போன அறிக்கையை நான் பிறகு பார்த்தேன். 42 பயனாளிகள் கலந்துகொண்டு ஆர்வத்துடன் கருத்துத் தெரிவித்தனர் என்று இருந்தது.