கடற்கன்னியும் கடற்பசுவும்

கடற்கன்னி என்றாலே இடுப்புக்கு மேல் மங்கை, கீழே செதில் மின்னும் மீன்வால் என்ற உருவம்தான் நம் கண்முன் வரும். நம் பழைய நூல்கள் ‘நீரரமகளிர்’ என்றொரு சொல்லைத் தருகின்றன. நீரில் உறையும் தெய்வப் பெண்கள் என்பதே அதன் பொருள். அந்தச் சொல்லில் மீன்வால் இல்லை.

இங்கே காட்கோபரில் என் பேத்திக்குப் பள்ளியில், உண்மையான கடல் உயிர்களைப் பார்த்துக் கடல்மனிதர் ஒருவரைக் கற்பனையாக அமைத்து வரச் சொன்னாங்க. “தாத்தா, செவுள் வைக்கலாமா, மூக்கு வைக்கலாமா?” என்று கேட்டாள். கடைக் கணக்கு போக மிச்ச நேரத்தில் ஏடு புரட்டும் எனக்கு அந்தக் கேள்வி நல்ல வேலை கொடுத்துவிட்டது.

பிறப்பே முதல் கேள்வி

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், உயிர்களை அவை பிறக்கும் விதம் பார்த்துப் பிரிக்கிறது. கருவில் பிறப்பவற்றிலும் சவ்வுப் பையோடு பிறப்பவை, முட்டையில் பிறப்பவை, உறையின்றிப் பிறப்பவை என மூன்று வகை. கடற்கன்னிக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. மார்பில் பாலூட்டுகிறாள் என்றால் அவள் பாலூட்டி. அப்படியானால் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுக்கு அடிக்கடி மேலே வந்தே ஆகணும். செதிலும் இருக்காது.

வாலும் மாறிவிடும். மீன் தன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கிறது. பாலூட்டியின் முதுகெலும்போ மேலும் கீழும் வளைவது. எனவே திமிங்கிலத்துக்கு இருப்பது போல் வால்துடுப்பு படுக்கையாகவே இருக்கவேண்டும்.

நம் கடலிலே உள்ள மாதிரி

இப்படி ஒரு பிராணி பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் உண்மையாகவே வாழ்கிறது. கடற்பசு என்போம், நம் மீனவர் ‘ஆவுளியா’ என்பர். சுமார் 3 மீட்டர் நீளம், 300 கிலோவுக்கு மேல் எடை. முன்துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஐந்து விரல் எலும்பு. பால்காம்பு இரண்டும் மனிதரைப் போல அக்குள் பக்கம். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும். எலும்புகள் மிகக் கனமானவை. தராசில் எடைக்கல் போட்டதுபோல் உடம்பைக் கடலடியில் நிறுத்தி, கடற்புல் மேய உதவுகின்றன. தரையில் இதற்கு நெருங்கிய உறவு யானை!

1493-ல் கொலம்பஸ் கரீபியத் தீவுப் பகுதியில் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகவும், சித்திரத்தில் உள்ள அளவு அழகில்லை என்றும் குறித்தார். அவர் கண்டது இதன் உறவான மானட்டி என்பர். அதற்கும் வெகு முன்னரே, இலங்கைக் கடலில் பெண் வடிவப் பிராணிகள் உண்டென்று ஈலியன் கிரேக்க மொழியில் எழுதிவைத்தார். அது நம் ஆவுளியாவைப் பற்றிய கேள்விச் செய்தி என்பதே என் எண்ணம்.

மெலிந்த இடை நிலைக்குமா?

காற்றைவிட நீர் பல மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துவிடும். ஆகவே கடல்மகளுக்குக் கொடியிடை ஆகாது. தோலுக்கடியில் கொழுப்பு வேணும். மூச்சடக்கவும் உடம்பு மாறணும். தென்கிழக்காசியாவில் தலைமுறை தலைமுறையாக முக்குளிக்கும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அண்டை மக்களுடையதைவிடப் பாதியளவு பெரிதாயிருப்பதை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. மண்ணீரல் சுருங்கும்போது சேமித்த குருதியணுக்கள் வெளிவரும். அவை சுமக்கும் பிராணவாயு கூடுதல் நேரம் தாங்கும்.

கற்பனைக்கு மூலதனம்

முதல் இருந்தால்தானே வியாபாரம்? ஆவுளியா கருச்சுமப்பது 13 முதல் 14 மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று. அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. ஒன்று வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்தால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டு ஆகும். இதன் இனத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசு 1741-ல் அறிவியலுக்குத் தெரியவந்தது; வேட்டையால் 1768-க்குள் அடியோடு அழிந்தது. வெறும் 27 ஆண்டு!

இந்தியக் கடல்களில் எஞ்சியவை சில நூறுதான். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கியதை அறுத்து உயிரோடு விடும் மீனவர் பலர் அங்கே உண்டு. வலை நட்டம் அவர்களுடையது, புண்ணியம் நம் எல்லோருக்கும்.

ஆகவே அன்பர்களே, கடற்கன்னியை வரையும் பிள்ளைகளுக்கு ஆவுளியாவையும் சொல்லிக்கொடுங்கள். அவள் கற்பனை, எத்தனை முறை வேண்டுமானாலும் வரையலாம். இது உயிர், போனால் வராது.