மாதம் நிறையுமுன் வரும் நோவு

2019ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒருநாள், மன்னார்த் தீவின் மேற்குப் புறத்தேயுள்ள ஒரு பாடசாலையில் மூன்றாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தபோது, இளம் ஆசிரியை ஒருவர் மேசையைப் பற்றிக்கொண்டு பேசாது நின்றார். அவருக்கு அது தலைப்பிள்ளை. கருவுற்று 32 வாரங்கள் முடிந்திருந்தன. அப்பாடசாலையின் அதிபராயிருந்த நான் என்னவென்று வினவினேன். "ஒண்டுமில்லை சேர், காலமை சாப்பிட்டது ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றார். இடுப்பின் பின்புறம் விட்டுவிட்டு உளைகிறது, வயிறு கல்லாக இறுகிப் பின்னர் தளர்கிறது என்ற உண்மை, நாலைந்து முறை கேட்ட பின்னரே வெளிவந்தது.

நேயர்களே, அந்தத் தயக்கத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். நான் வைத்தியன் அல்லன். கலைப் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன். ஆயினும் அன்று வைத்தியர் ஒருவர் விளக்கியவற்றையும் பின்னர் யான் படித்தறிந்தவற்றையும் தங்களிடம் பகிர்ந்துகொள்வது தவறாகாது என எண்ணுகின்றேன்.

இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 40 வாரங்களில் பிரசவம் நிகழும் என்பது பொதுக் கணக்கு. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையே குறைமாதக் குழந்தை. உலகிற் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று இவ்வாறு முந்திப் பிறக்கின்றது. சிறுநீர்த் தொற்று, இரட்டைக் கரு, உயர் குருதியமுக்கம் எனக் காரணங்கள் பல உள. பல வேளைகளில் காரணம் புலப்படுவதேயில்லை. ஆதலால் "தண்ணீர்க் குடம் தூக்கினாள், படியேறினாள்" என்று அப்பெண்ணைக் குறைகூறுதல் பொருந்தாது. முன்பு பெற்றவளுக்கு நோவின் சாயல் தெரியும். முதன்முறை தாயாகும் பெண்ணோ, பிரசவ நோவென்றால் அலறித் துடிப்பதென்றே கேள்விப்பட்டிருப்பாள். இடுப்பு உளைவையும், அடிவயிற்றுப் பாரத்தையும், சிறிது சிறிதாக நீர் கசிவதையும் அவள் அதனோடு சேர்த்து எண்ணுவதில்லை.

ஆசிரியையின் மாமியார் முச்சக்கரவண்டியில் வந்து சேர்ந்தார். நல்ல பெண்மணி. வந்தவுடன் தலையில் கைவைத்து, "ஏழிலை வந்தாலும் பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காதே!" என்று அழுதார். வீட்டிற்குக் கூட்டிச்சென்று கைவைத்தியம் பார்த்து, விடியும்வரை பொறுத்திருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

இந்த நம்பிக்கை நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரற்றீஸின் பெயரால் வழங்கும் ஏடுகளுள் எட்டு மாதக் கருவைப் பற்றியே தனி நூலொன்று உண்டு. அதுவும் இதையே கூறுகின்றது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இப்பிழை உயிரோடிருந்தமைக்குக் காரணம் யாது? மாதக் கணக்கிலே நேர்ந்த தவறாக இருக்கலாம். மணமாகி ஏழாம் மாதத்திலே கொழுகொழுவென்று பிறந்து பிழைத்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருந்திருப்பர். அதனை வானொலியில் விரித்துரைப்பது முறையன்று. உண்மை இதுதான்: கருப்பையிலே கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலமே. எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைக் காட்டிலும் பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாகவுடையது.

ஆயின் ஆபத்து எங்கே இருக்கின்றது? நுரையீரலில். அதன் நுண்ணிய காற்றறைகளின் உட்புறத்தே வழுவழுப்பான ஒரு பொருள் சுரக்கின்றது. அஃது இல்லையேல், நனைந்த துணிகள் ஒட்டிக்கொள்வதுபோல் அவ்வறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதன் குறைவே காரணம் என்பதை 1959இல் அமெரிக்க வைத்தியர் மேரி எலன் ஏவரி எடுத்துக்காட்டினார். காரணம் தெரிந்ததே தவிர, மாற்று உடனே கிட்டவில்லை. 1963 ஆகஸ்ட் 7ஆம் திகதி ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை ஏறத்தாழ 2.1 கிலோகிராம். செல்வமும் வைத்தியமும் மிக்க அந்நாட்டிலே 39 மணி நேரமே உயிர் வாழ்ந்தான்.

மாற்று வந்தது நியூசிலாந்திலிருந்து. ஓக்லாந்து நகரில் லிகின்ஸ் என்னும் வைத்தியர் செம்மறியாடுகளை ஆராய்ந்து வந்தார். பிரசவம் எதனால் தொடங்குகின்றது என்பதே அவர் தேடிய விடை. ஸ்டீரொயிட் மருந்து செலுத்தப்பட்டு, பிழைக்கவியலாத பருவத்திற் பிறந்த குட்டியொன்று மூச்சுவிடக் கண்டு வியந்தார். பின்னர் ஹவி என்னும் வைத்தியருடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார். எதிர்பாராது முந்திப் பெற்றவர்களுள், மருந்து பெற்ற தாயரின் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்றே முதல் வாரத்தில் இறந்தன. பெறாத தாயரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து. இத்துணை தெளிவான செய்தி எங்கும் வழக்காவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் சென்றமை வியப்பும் வருத்தமும் தருவதாகும்.

அம்மருந்து தாய்க்கு ஊசியாக ஏற்றப்படுகின்றது. குருதி வழியே சேயைச் சென்றடைகின்றது. முழுப் பயன் தருவதற்கு ஒருநாள் முதல் இரண்டு நாள் வேண்டும். அதுவரை நோவைத் தணித்துவைக்க வேறு மருந்து கொடுப்பார்கள். நோவு முற்றிய பின் வருபவளுக்கு அந்த இரண்டு நாள் இல்லை. விடியட்டும் என்று வீட்டிலே கழிக்கும் இரவின் விலை என்ன என்பதை அன்றுதான் யான் உணர்ந்தேன்.

மன்னார்த் தீவின் பூகோளத்தையும் இங்கே நினைக்க வேண்டும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரத்து வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மிகச் சிறிய குழந்தைக்கு வேண்டிய பராமரிப்பை நாடி யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்ப நேர்ந்தால், 100 கிலோமீற்றருக்கு மேல். 2010இல் திறந்த மன்னார்ப் பாலமும் 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலமும் வழியை எளிதாக்கின, தூரம் தூரந்தான். பிறந்தபின் குழந்தையைக் கொண்டோடுவதிலும், பிறக்குமுன் தாயின் வயிற்றிலே வைத்தபடி கொண்டுசெல்வதே மேல் என்பர் வைத்தியர். அதற்கும் வேண்டுவது நேரமே.

நாங்கள் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தோம். இலவச நோயாளர் வண்டிச் சேவையாகிய அது வட மாகாணத்துக்கு 2018இல் வந்தது. வண்டி வரும்வரை ஆசிரியையை இடப்புறமாகச் சரிந்து படுக்கச் செய்தோம். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பிணிப் பதிவேடு கைப்பையிலேயே இருந்தது. அதனால் வாரக் கணக்கையும் குருதி வகையையும் ஒருவரும் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. அதை எங்கு சென்றாலும் எடுத்துச்செல்லும்படி சொல்லிவைத்தவர் வீடு தேடி வரும் குடும்ப நல உத்தியோகத்தரே. அவரை மருத்துவ மாது என்றே எங்கள் ஊரில் இன்றும் அழைப்பர்.

ஊசி அன்று பிற்பகலே ஏற்றப்பட்டது. குழந்தை மூன்றாம் நாள் பிறந்தது. எடை இரண்டு கிலோகிராமுக்கும் குறைவு. பெண் குழந்தை. மூச்சு சீரானதும் தாயின் வெறும் மார்போடு அணைத்து, துணியாற் கட்டிவைத்தார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், கருவிகள் போதாத ஒரு வைத்தியசாலையிலே எட்கார் ரேய் என்னும் வைத்தியர் தொடங்கிய முறை அது. கங்காருவைப் பார்த்து அதற்குப் பெயரிட்டார்கள். தாயின் உடற்சூடு குழந்தையைக் காக்கின்றது. பாலும் அருகிலேயே இருக்கின்றது. தாய் உறங்கும் வேளையில் தந்தையும் அவ்வாறு சுமக்கலாம். மாமியார் முதலில் முகஞ்சுளித்தார். இரண்டாம் வாரத்தில் தாமும் ஒருமுறை அணைத்துப் பார்க்கலாமா என்று தாதியிடம் கேட்டாராம்.