வேன் லைட்டில் வெளிச்சம் திருட்டு! திருடன் பல்பு அல்ல... ஒயர்!

செஞ்சி வட்டாரத்தில் ராத்திரிதோறும் ஒரு திருட்டு நடக்கிறது. யாரும் போலீசில் புகார் கொடுப்பது இல்லை. திருடு போவது நகையோ, நெல் மூட்டையோ அல்ல. வண்டியின் வெளிச்சம்!

வல்லம் பக்கத்து கிராமங்களில் இருந்து நெல்லும், மல்லாட்டையும் ஏற்றிக்கொண்டு செஞ்சி கமிட்டிக்கு போகும் வண்டிகளை பார்த்து இருப்பீர்கள். பழைய 407, பழைய மகேந்திரா பிக்கப், குட்டி யானை. பாதிக்கு மேல் வயதான வண்டிகள். முன்னால் இரண்டு லைட்டும் எரியும். ஆனால் ரோடு தெரியாது!

"பல்பு மாத்தி ஒரு வாரம்கூட ஆவலண்ணே. திரும்பவும் லாந்தர் மாதிரி எரியுது" என்பது டிரைவர்கள் வழக்கமாக சொல்லும் புகார்.

இது சாதாரண விஷயம் அல்ல. கணக்கு போட்டு பாருங்கள். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடி விடுகிறது. டிரைவர் கண்டு, காலை தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள் அந்த ஒரு வினாடி போய்விடும். அதன் பிறகு நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் நிற்பதற்கு இன்னும் 25 மீட்டர் வேண்டும். ஆக 40 மீட்டருக்கு மேல். லோடு இருந்தால் இன்னும் கூடும்.

லைட் 30 மீட்டர்தான் காட்டுகிறது. அங்கே கரும்பு டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் நிற்கிறது. அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

கடைசி பாத்தி கதை

கழனிக்காரர்களுக்கு இது சுலபமாக புரியும். மோட்டார் கொட்டாயில் தண்ணீர் கொட்டோ கொட்டு என்று கொட்டும். வாய்க்கால் நீளம், நடுவில் பத்து எலி வளை. கடைசி பாத்திக்கு நூல் மாதிரிதான் வந்து சேரும்.

பழைய வண்டியில் கரண்டும் அப்படித்தான். பேட்டரியில் கிளம்பி, சாவி சுவிட்ச், லைட் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் என்று சுற்றி, ஒல்லியான ஒயரில் வந்து பல்பை தொடுகிறது. வழியில் பச்சை பூத்த முனை, டேப் சுற்றிய துண்டு ஒயர், துருப்பிடித்த எர்த். ஒவ்வொன்றும் கொஞ்சம் சாப்பிட்டு விடும்.

பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதானே குறையும்? அதுதான் இல்லை. ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்து விடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதிமூன்றரை வோல்ட், பல்பு முனையில் 11 வோல்ட் என்றால் பாதி வெளிச்சம் அம்பேல்!

100 வாட் விபரீதம்

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். கடைக்கு போய் 100 வாட் பல்பு வாங்கி மாட்டி விடுகிறார்கள். எச்4 பல்புக்கு உரிய அளவு 60/55 வாட். பிரைட் போட்டால் இரண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 16 ஆம்பியரை தாண்டும். ஒயரில் ஏறும் சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. சுவிட்ச் உருகும், ஹோல்டர் கருகும். பியூசுக்கு பதில் செம்பு கம்பி சுற்றி வைத்த வண்டி என்றால் தீயே பிடிக்கலாம்.

வைத்தியம் என்ன?

ரிலே! கைக்குள் அடங்கும் கருப்பு டப்பா. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பழைய ஒயர் இனிமேல் ரிலேக்கு ஜாடை காட்டினால் போதும். அதற்கு கால் ஆம்பியர்கூட தேவை இல்லை. பல்புக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியில் இருந்து தடித்த புது ஒயரில் நேராக வந்து விடும்.

ரிலேயின் அடியில் எண் போட்டு இருக்கும். 30-ல் பேட்டரி ஒயர். 87-ல் பல்புக்கு போகும் ஒயர். 85, 86-ல் ஒன்றில் பழைய சுவிட்ச் ஒயர், மற்றதில் எர்த். ஒயர் இரண்டரை சதுர மில்லி மீட்டர் இருக்கட்டும். பியூஸ் பேட்டரிக்கு பக்கத்திலேயே வர வேண்டும். தள்ளி வைத்தால், இடையில் ஒயர் உரசி பாடியில் பட்டாலும் பியூஸ் போகாது. இடது லைட்டுக்கும், வலது லைட்டுக்கும் தனித்தனி பியூஸ் போடச் சொல்லுங்கள். ஒன்று போனாலும் மற்றது வீடு கொண்டு சேர்க்கும்.

பல்பின் எர்த் ஒயரையும் புதிதாக இழுக்க வேண்டும். இதை பாதி பேர் மறந்து விடுகிறார்கள். ஒரு டயர் விலையோடு ஒப்பிட்டால் இந்த செலவு வெறும் கொசுறு.

வேலை முடிந்ததும் கையோடு ஒரு சோதனை. என்ஜினை ஓட விட்டு, லைட்டை போட்டு, மல்டிமீட்டரை பேட்டரியிலும், பல்பு முனையிலும் வைத்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எலக்ட்ரீசியனுக்கு தாராளமாக டீ வாங்கி கொடுக்கலாம்.

உள்ளே வெள்ளி பூச்சு உரிந்த லைட் என்றால் ரிலே போட்டும் பயன் இல்லை. லைட்டையே மாற்ற வேண்டும். எல்.இ.டி. பல்பை பழைய லைட்டுக்குள் திணிப்பதும் வேண்டாத வேலை. அந்த லைட்டின் கண்ணாடியும், கிண்ணமும் பழைய பல்பின் இழை இருக்கும் இடத்துக்காக செய்யப்பட்டவை. இடம் கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் ரோட்டில் விழாமல், எதிரே வருகிறவர் கண்ணில் போய் குத்தும்.

கண் கூசும் பிரச்சினைக்கு 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி விதியே இருக்கிறது. 106-வது விதி. ஒளி கீழ்நோக்கி திரும்பி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பிக்கப் வண்டியில் ஒரு சூட்சுமம். காலியாக இருக்கும்போது லைட்டை சரி செய்வார்கள். மூட்டை ஏறினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும். டிம் வெளிச்சம் எதிரே வரும் பஸ் டிரைவர் முகத்தில் அடிக்கும்! வழக்கமான லோடை ஏற்றி, சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லைட்டின் நடு உயரத்தைவிட டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு 10 முதல் 15 சென்டி மீட்டர் கீழே விழ வேண்டும்.

அப்படியே பின்பக்கமும் ஒரு நடை போய் பாருங்கள். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறதா? அங்கேயும் எர்த் போச்சு!