பழைய மாதிரித் தொடருந்துகளை மாற்றியமைத்தல்

பழைய மாதிரித் தொடருந்துகளை மாற்றியமைத்தல் என்பது, முற்காலத்தில் விற்பனையான சிறு தொடருந்துகளைப் பழுதுபார்த்து, வேறொரு வண்டியின் தோற்றம் தந்து, வீட்டிலுள்ள சிறு பாதையில் ஓட்டும் பொழுதுபோக்காகும்.

பாதையின் அளவு

விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை 1879இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. இன்று அது அகலப்பாதை. அந்தப் பழைய வண்டியை இத்தடத்தில் இனிக் காண இயலாது, மாதிரியாகச் செய்யலாம். பரவலான எச்.ஓ. மாதிரிகளின் அளவு 1:87 ஆகும். 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5 மி.மீ. வரும். எனவே 12 மி.மீ. பாதை பொருந்தும். எளிதில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை, 1,435 மி.மீ. பாதையைக் குறிப்பது, இதற்கு ஒவ்வாது.

அடிச்சட்டமும் மேற்கூடும்

பிரித்தானியாவின் டிரையாங் நிறுவனம் 1957இல் வெளியிட்ட டி.டி. வகை வண்டிகள், 12 மி.மீ. பாதையில் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தால் ஓடுபவை. இவற்றின் மேற்கூட்டைக் கழற்றி, மோட்டார் உள்ள அடிச்சட்டத்தின்மீது பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகட்டாலான 1:87 கூட்டைப் பொருத்தலாம். முதலில் பற்சக்கரங்களில் இறுகிய எண்ணெயை நீக்க வேண்டும். பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. தாழ்வான புதிய தண்டவாளத்தில் இடித்துத் துள்ளும். அப்போது சக்கரங்களை மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ வண்டிகள் மூன்று தண்டவாளப் பாதைக்கு உரியவை. அவற்றின் இருபுறச் சக்கரங்களுக்கும் இடையே மின்காப்பு இல்லை. அவற்றை அப்படியே இரு தண்டவாளப் பாதையில் வைத்தால் மின்குறுக்கு ஏற்படும்.

புதிய கூட்டைப் பசையால் ஒட்டாமல் திருகாணியால் பொருத்துவதும், கழற்றிய பாகங்களைப் பாதுகாப்பதும் நல்லது. அப்போதுதான் பழைய வண்டியை மூல வடிவுக்கு மீட்க முடியும்.