கழுவு பிளக்

கழுவு பிளக் என்பது நீராவி இன்ஜினின் கொதிகலனைக் கழுவுவதற்காக அதன் தகட்டில் விடப்பட்ட துளையை மூடும், மரையிட்ட அடைப்பான் ஆகும். இது பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலத்தால் ஆனது. நீலகிரி மலை இரயில் பாதையில், மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பற்சட்டப் பாதையில், ரயிலைப் பின்னிருந்து தள்ளும் எக்ஸ் வகை இன்ஜின்களும் நீராவிக் கொதிகலன் கொண்டவையே.

இறுகும் காரணம்

நீர் கொதிக்கும்போது அதிலுள்ள உப்புகள் தகட்டிலும் மரையிலும் படிகின்றன. படிவு தடித்தால் வெப்பம் நீருக்குச் செல்லாமல் தகடு அளவுமீறிச் சூடாகும். ஆகவே பிளக்கைக் கழற்றிக் கொதிகலனைக் கழுவுவது கட்டாயம்.

கழற்றும் முறை

கொதிகலன் முழுவதும் ஆறி, அழுத்தம் நீங்கி, நீர் வடிந்த பின்னரே பிளக்கைத் தொட வேண்டும். அழுத்தம் இருக்கையில் தளர்த்தினால் கொதிநீர் பீறிட்டு உயிருக்கே ஆபத்தாகும். மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். பித்தளை எஃகைவிட அதிகம் விரிவதால் சூட்டில் பிளக் மேலும் இறுகும். ஆறும்போது சுருங்கிப் பிடி விடும். எனவே மிதமாகச் சூடாக்கி, ஆறிய பிறகு, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனரால் திருப்புவது நல்லது.

தலை தேய்ந்தால்

பிளக்கின் நடுவில் துளையிட்டு, தகட்டின் மரையைத் தொடாமல் உட்புறமாக அறுத்து, உள்நோக்கி மடக்கி எடுப்பர். பிளக்கை மாற்றலாம், தகட்டின் மரை கெட்டால் துளையைப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, பெரிய பிளக் பொருத்த வேண்டியிருக்கும். உள்ளே விழுந்த உலோகத் துகள்களைக் கழுவி வெளியேற்றிய பின்பே கொதிகலனை நிரப்ப வேண்டும்.