பிள்ளைகளும் பொக்கிஷமும் – 7: ஏழை வீட்டுக் குழந்தையின் பங்கு

சென்ற இதழில், இங்கிலாந்தில் எலினார் ராத்போன் அம்மையார் பல்லாண்டுகள் வாதாடி, 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிள்ளைகளுக்கான உதவித் தொகையைத் தகப்பனார் கையில் அல்லாமல் தாயார் கையிலேயே கொடுக்கச் செய்த வரலாற்றைக் கண்டோம். அங்கே சர்க்கார் நேரே பணமாக வழங்கிய உபகாரத்தை, அமெரிக்கர் வருமான வரிச் சட்டத்தின் வழியாகச் செய்ய முற்பட்டார்கள். அவ்வழியைத் தேர்ந்ததனால், வரி செலுத்தும் அளவுக்கு வருமானமே இல்லாத வீட்டுக் குழந்தை என்ன கதி அடைந்தது என்பதே இந்த இதழுக்குரிய விஷயம்.

பிள்ளைகளை வளர்ப்பவருக்கு வரிச்சுமை இலேசாக இருக்க வேண்டும் என்ற கொள்கை அந்நாட்டுக்குப் புதியதன்று. முதல் உலக யுத்தச் செலவுக்காக வரியை உயர்த்திய 1917-ஆம் ஆண்டுச் சட்டமே, ஒவ்வொரு பிள்ளைக்கும் 200 டாலர் வருமானத்தை வரியிலிருந்து விலக்கிக் கொடுத்தது. ஆனால் வருமானத்தில் கழிப்பது என்ற முறை, உயர்ந்த விகிதத்தில் வரி செலுத்தும் தனவந்தருக்கு அதிகப் பலனையும், எளியவருக்குச் சொற்பப் பலனையும் தருவது. இதனைச் சீர்செய்யும் நோக்கத்துடன், 1991-ல் செனட்டர் ஜே ராக்ஃபெல்லரின் தலைமையில் இயங்கிய குழந்தைகள் பற்றிய தேசியக் கமிஷன், கட்ட வேண்டிய வரியிலேயே பிள்ளைக்கு 1,000 டாலர் கழிக்க வேண்டும் என்றும், வரியே கட்ட வேண்டாத ஏழைக்கு அத்தொகையைப் பணமாகவே அனுப்பிவிட வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. 1997-ல் ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம் அந்தச் சிபாரிசின் முற்பாதியை மட்டும், அதுவும் 400 டாலராகக் குறைத்து, ஏற்றுக்கொண்டது. பிற்பாதியைப் பெரும்பாலும் கைவிட்டது. அதன்பின் இன்றுவரை நடந்துவரும் வாதப் பிரதிவாதங்கள் அநேகமாக அந்தக் கைவிடப்பட்ட பாதியைப் பற்றியவையே.

2001-ல் ஏழைகளுக்கும் ஒரு பகுதி கிட்ட வழி செய்தார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சலுகையைப் பிள்ளைக்கு 2,000 டாலராக உயர்த்தியது. அதில் பணமாகத் திருப்பித் தரக்கூடிய பகுதிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனையும் முதல் 2,500 டாலரை நீக்கி, எஞ்சிய சம்பாத்தியத்தில் நூற்றுக்குப் பதினைந்து என்று கணக்கிட்டே தருவார்கள். தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, உணவு விடுதியிலோ முதியோர் இல்லத்திலோ பகுதி நேரம் உழைத்து, ஆண்டுக்கு 13,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து அவளுக்குக் கிடைப்பது 1,575 டாலர். ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் வருமானமுள்ள தம்பதிகளோ, அச்சட்டத்தின்படி அதே இரண்டு பிள்ளைகளுக்கு 4,000 டாலரையும் குறைவின்றிப் பெற்றார்கள். பெற்றோரின் சம்பாத்தியம் போதாமையால் முழுச் சலுகையையும் அடையாத குழந்தைகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள். குழந்தையின் பெயரால் இயற்றப்பட்ட ஒரு சட்டம், குழந்தையின் தேவை பெருகப் பெருகத் தன் கையைச் சுருக்கிக்கொள்வது நியாயம் என்று என் மனம் எவ்வாற்றானும் ஒப்பவில்லை.

ஒரே ஓர் ஆண்டு இந்த அநியாயம் நீங்கியிருந்தது. கொள்ளைநோயின் காலத்தில், 2021-ல் இயற்றப்பட்ட சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலரும் அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 3,000 டாலரும், சம்பாத்தியம் உண்டா என்று கேளாமலே அளித்தது. அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் அனுப்பியும் வைத்தது. அப்பணத்தை எளிய குடும்பத்தார் உணவுக்கும் வாடகைக்கும் துணிமணிக்கும் பள்ளிச் செலவுக்குமே பெரும்பாலும் செலவிட்டனர் என்று சர்க்காரின் கணிப்புகள் கூறுகின்றன. அரசாங்க உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவையின்படி, முந்திய ஆண்டில் நூற்றுக்கு 9.7 ஆக இருந்த குழந்தைகளின் வறுமை 5.2 ஆக இறங்கிற்று. பிற நிவாரணங்களும் அவ்வாண்டில் இருந்தன என்றாலும், இந்த இறக்கத்தில் பெரும்பங்கு இச்சலுகைக்கே உரியது. இரு கட்சிகளும் சரிபாதியாக நின்ற செனட்டில், மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின் ஆதரவு தர மறுத்தமையால் ஏற்பாடு நீடிக்கப்படாமல் முடிவுற்றது. 2022-ல் அந்த வறுமை 12.4 ஆக ஏறிற்று.

2024-ல் ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனும் குடியரசுக் கட்சியின் ஜேசன் ஸ்மித்தும் உடன்பாடு கண்டு, வியாபார நிறுவனங்களுக்கான வரிச்சலுகைகளோடு பிணைத்துக் கொண்டுவந்த மசோதா அடக்கமானது. நூற்றுக்குப் பதினைந்து என்ற கணக்கைக் குடும்பத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் பிள்ளைக்கு ஒருமுறை என்று மாற்றுவதே அதன் சாரம். நாம் கண்ட தாய்க்கு அது 3,150 டாலர் ஆகியிருக்கும். பிரதிநிதிகள் சபை ஜனவரி 31 அன்று 357-க்கு 70 என்ற வாக்குகளால் அதனை நிறைவேற்றியது. முந்திய ஆண்டின் சம்பாத்தியத்தைக் காட்டியும் சலுகை பெறலாம் என்ற ஷரத்து உழைப்பில் நாட்டத்தைக் குறைக்கும் என்பது செனட்டில் எழுந்த ஆட்சேபம். உழைப்பின் பெருமையை நானும் போற்றுகிறவன்தான். ஆயினும் நிபந்தனையே இல்லாமல் பணம் கொடுத்த 2021-ஐ ஆராய்ந்த அறிஞர்களில் பெரும்பாலோர், அதனால் வேலைக்குச் செல்வோர் தொகை குறிப்பிடத்தக்கவாறு குறைந்ததாகக் காணவில்லை. தவிரவும், தாயின் வேலைக்குக் குழந்தையைப் பிணையாக நிறுத்துவது எந்தத் தர்மத்தில் சேர்ந்தது? ஆகஸ்டு 1 அன்று 60 வாக்குகள் வேண்டிய இடத்தில் 48 மட்டுமே கிட்ட, மசோதா அங்கேயே நின்றுவிட்டது.

2021-ஆம் ஆண்டு ஏற்பாட்டை நிரந்தரமாக்கக் கோரும் மசோதாவை மைக்கேல் பென்னெட், ரோசா டிலாரோ முதலியோர் விடாமல் காங்கிரஸின் முன் வைத்து வருகிறார்கள்; இந்தக் குறைக்கு நேரான பரிகாரம் அதுவே என்பது என் துணிபு. 2025 ஜூலை 4 அன்று சட்டமானதோ வேறொன்று. அது சலுகையைப் பிள்ளைக்கு 2,200 டாலராக உயர்த்தியது. ஏழைக்குரிய கணக்கை மட்டும் தொடவில்லை. ஆண்டுக்கு 13,000 டாலர் சம்பாதிக்கும் அந்தத் தாய்க்கு இன்றும் கிடைப்பது 1,575 டாலரே.