கம்ப்யூட்டர் வேலை என்று கூப்பிட்டு ஆற்றுக்கு அக்கரையில் அடைத்தார்கள்!

மதுரை ரேஸ்கோர்ஸ் பகுதி பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் கையில் ஃபைலோடு வாலிபர்கள் நிற்கிறார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களும் அதில் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி விசா எடுத்துக் கூப்பிட்டால் குடும்பமே கரையேறும் என்ற ஆசை.

ஆசைப்படுவதில் தப்பில்லை. அதை மோப்பம் பிடித்து வருகிறானே போலி ஏஜெண்டு, அவனிடம்தான் வினை!

"அண்ணே, விசா, டிக்கெட் எல்லாம் கம்பெனியே பாத்துக்கும். நீங்க ரெண்டு லட்சம் மட்டும் ரெடி பண்ணுங்க. ரெண்டு இடம்தான் பாக்கி!"

இதுதான் அவன் பாட்டு.

எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றால் ரெண்டு லட்சம் எதற்கு? இதை யாரும் கேட்பதில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. புஞ்சை ஒத்திக்குப் போகிறது.

அடி, உதை, ஷாக்!

2022-ல் நடந்தது நினைவிருக்கிறதா? தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை என்று நம்பி நம்மூர் வாலிபர்கள் விமானம் ஏறினார்கள். இறங்கியதும் காரில் ஏற்றி மேசோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டு போனார்கள். மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மர் நாட்டு மியாவாடி. அங்கே துப்பாக்கிக் காவல்!

கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஆன்லைனில் பழகி, கிரிப்டோ கரன்சி என்று ஆசை காட்டி ஊரார் பணத்தைச் சுருட்டுவது! மறுத்தவர்களுக்கு அடி, உதை, மின்சார ஷாக்.

சுமார் 300 இந்தியர்கள் சிக்கியிருக்கிறார்கள், அதில் 50 பேர் தமிழர்கள் என்று முதல்வர் ஸ்டாலின் அந்த செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்தார்கள். அத்தோடு நின்றதா? இல்லை. 2025 மார்ச்சில் மேசோட்டிலிருந்து 549 இந்தியர்களை விமானப் படை விமானங்கள் இரண்டே நாளில் ஏற்றி வந்தன.

அசல் ஆள் யார்?

அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு வேலை தரும் கம்பெனிதான் மனுப் போட வேண்டும். பொதுவாகக் கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு 85 ஆயிரம்தான் கணக்கு. வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுத்தால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் உத்தரவு வேறு போட்டார். பிரிட்டனில் அரசிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்கிய கம்பெனி மட்டுமே ஆள் எடுக்க முடியும். அந்தப் பட்டியலை அந்நாட்டு அரசே இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது.

இவ்வளவு செலவழிக்கிற கம்பெனி ஆளைச் சும்மா எடுக்குமா? மூணு நாலு தடவை கேள்வி கேட்டு வறுத்தெடுத்துவிடும். லாவோஸ் பக்கம் ஆள் பிடித்த கும்பலோ, சும்மா ஒரு இண்டர்வியூ, ஒரு டைப்பிங் டெஸ்ட் வைத்தே கொத்தாக அள்ளிக்கொண்டு போனது!

நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது கொடுத்தாக வேண்டும். பதிவு நம்பர் அசலா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம்.

வீட்டுக்கு வருகிற ஏஜெண்டிடம் அந்த நம்பரை முதலில் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குண்ணே?" என்று இழுத்தால் டீயைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும்.